பழைய ஏர் பிஸ்டல் வாங்கினேன், சோதிச்சேன், வித்தேன்: 26 மாசத்துல நான் கத்துக்கிட்ட கணக்கு



"பழைய பொருள் வாங்கி வச்சா நாளைக்கு விலை ஏறும்தானே? இதையும் முதலீடுன்னு சொல்லலாமா?" நம்ம சேனல்ல தங்கம் பத்தி வீடியோ போட்ட பிறகு இந்தக் கேள்வியைப் பல பேர் கேட்டீங்க. ஒருத்தர் பழைய கேமரா சேர்க்கிறார், ஒருத்தர் வாட்ச், இன்னொருத்தர் நாணயம். எல்லாருக்கும் உள்ளுக்குள்ள ஒரே ஆசைதான்: "எனக்குப் பிடிச்சதையும் வாங்கணும், அது காசாவும் வளரணும்."

இதுக்குப் பொதுவா பதில் சொல்றதை விட, என் சொந்தக் கணக்கையே திறந்து காட்டுறேன். கம்பெனி என்னை இங்கிலாந்துல பர்மிங்ஹாமுக்கு ஆன்சைட் அனுப்பினப்போ, அங்க 26 மாசம் இருந்தேன். அந்த ஊர்ல எனக்கு ஒரு பைத்தியம் பிடிச்சது. பழைய ஸ்பிரிங் ஏர் பிஸ்டல் சேர்க்கிற பைத்தியம். நாலு வாங்கினேன். கடைசியில அந்த நாலும் என் குடும்பத்துக்கு ஒரு சின்ன நெருக்கடியைக் கொண்டு வந்துச்சு. பொருள் மேல தப்பு இல்லை. நான் எக்ஸெல்ல அதை எழுதின இடத்துலதான் தப்பு.

வாங்க, முதல்ல இருந்து பார்ப்போம்.

அது என்ன பொருள்?

மெரினாவுல பலூன் சுட்டிருப்பீங்க. துப்பாக்கியை நடுவுல மடக்கி, ஒரு சின்ன பெல்லட்டைப் போட்டு, திரும்ப நிமிர்த்திக் கொடுப்பாங்க இல்லையா? அதுல வெடிமருந்து கிடையாது. உள்ள ஒரு பலமான ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், அவ்வளவுதான். மடக்கும்போது ஸ்பிரிங் சுருங்கும். விசையை அழுத்தினா ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றை நசுக்கும், அந்தக் காற்று பெல்லட்டை வெளியே துரத்தும்.

இதையே கைக்குள்ள அடங்குற அளவுக்குச் செஞ்சதுதான் ஏர் பிஸ்டல். இதுல பேர் போன கம்பெனி பர்மிங்ஹாம்ல இருந்த வெப்லி அண்ட் ஸ்காட். பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ரிவால்வர் செஞ்சு கொடுத்தவங்க. முதல் உலகப்போர் முடிஞ்சதும் ராணுவ ஆர்டர் குறைஞ்சுபோச்சு. 1920-ல வந்த துப்பாக்கிச் சட்டத்தால சாதாரண ஆள் நிஜ கைத்துப்பாக்கி வச்சிருக்கவும் போலீஸ்கிட்ட சான்றிதழ் வாங்க வேண்டியதாச்சு. இந்தச் சூழல்ல அவங்க 1924-ல கொண்டு வந்ததுதான் மார்க் 1 ஏர் பிஸ்டல். அதுக்கப்புறம் 1929-ல ஜூனியர், 1930-ல சீனியர், 1964-ல பிரீமியர், 1975-ல ஹரிக்கேன், 1979-ல டெம்பெஸ்ட் அப்படின்னு வரிசையா வந்துச்சு.

இந்த வடிவமைப்புல ஒரு புத்திசாலித்தனம் இருக்கு. குழல் மேலே, ஸ்பிரிங் இருக்கிற சிலிண்டர் கீழே. குழலோட பின்முனையை விடுவிச்சு, மேல தூக்கி, முன்பக்கமா மடக்கணும். அப்போ பிஸ்டன் முன்னால இழுபட்டு ஸ்பிரிங் சுருங்கும். சுடும்போது பிஸ்டன் சுடுறவர் பக்கமா, அதாவது பின்னால ஓடும். நசுங்கின காற்று பின்பக்கத் துளை வழியா மேலே ஏறி, குழலுக்குள்ள போய் பெல்லட்டை முன்னால தள்ளும். குழலும் சிலிண்டரும் ஒண்ணு மேல ஒண்ணா இருக்கிறதால பிஸ்டல் நீளம் கம்மி, ஆனா குழல் நீளம் குறையலை. ஐம்பது அறுபது வருஷப் பழைய இரும்பு, பேட்டரி இல்லை, சிலிண்டர் கேஸ் இல்லை, இன்னைக்கும் வேலை செய்யுது. இதுல மயங்காத பொறியாளர் யார்?

சட்டம் முதல்ல, ஆசை அப்புறம்

இது விளையாட்டுப் பொம்மை இல்லை. கண்ணுல பட்டா பார்வை போயிடும். அதனால வாங்குறதுக்கு முன்னாடி அந்த நாட்டுச் சட்டத்தைப் படிக்கிறது கட்டாயம்.

இங்கிலாந்துல ஏர் பிஸ்டலோட சக்தி 6 அடி-பவுண்டுக்குள்ள, அதாவது ஏறக்குறைய 8.1 ஜூலுக்குள்ள இருந்தா லைசென்ஸ் தேவையில்லை. ஆனா வாங்குறவருக்கு 18 வயசு ஆகியிருக்கணும். வியாபாரமா விற்கிறவங்க பொருளை நேர்ல, ஆள் பார்த்துத்தான் கொடுக்கணும். ஸ்காட்லாந்துல 2016 கடைசியில இருந்து தனிச் சான்றிதழ் வேணும். ஒரே தீவு, ரெண்டு விதி.

இந்தியாவுல 2016 ஆயுத விதிகள்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கு மேலயோ, சக்தி 20 ஜூலுக்கு மேலயோ போனா லைசென்ஸ் வேணும். என் பிஸ்டல்கள் எல்லாம் 0.177 அங்குலம்தான், சக்தியும் அதுல பாதி கூட வராது. "அப்போ ஊருக்குக் கொண்டு வந்துடலாமே?"ன்னு நானும் நினைச்சேன். அங்கதான் இடிச்சது. வச்சிருக்கிறதுக்கான விதி வேற, வெளிநாட்டுல இருந்து இறக்குமதி பண்றதுக்கான விதி வேற. சூட்கேஸ்ல துணிக்கு நடுவுல வச்சு எடுத்துட்டு வர்ற பொருள் இல்லை இது.

இதைக் கொஞ்சம் மனசுல வைங்க. நான் வாங்கின சொத்து, நான் இருந்த ஊரை விட்டு நகராத சொத்து. வாங்குற அன்னைக்கு இது எனக்குப் பெரிசா தெரியலை.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

பழைய பொருள் சந்தையில எல்லாருமே "அருமையான கண்டிஷன்"னுதான் சொல்வாங்க. நான் போன ஷூட்டிங் கிளப்ல ஒரு பெரியவர் இருந்தார். டூல்மேக்கரா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்லிக்கொடுத்த பட்டியல் இது:

1. எழுத்துகளைப் பாருங்க. கம்பெனி பேரும் மாடல் பேரும் இரும்புல அச்சு குத்தியிருக்கும். அந்த எழுத்தோட விளிம்பு கூர்மையா இருக்கணும். மழுங்கியிருந்தா யாரோ தேய்ச்சு பாலிஷ் போட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

2. நிறத்துக்கு அடியில பாருங்க. இரும்புக்கு நீலக் கறுப்பு நிறம் ஏத்தியிருப்பாங்க. நிறம் புதுசா பளபளன்னு இருக்கு, ஆனா அதுக்கு அடியில துருப் பள்ளம் தெரியுதா? அப்போ துருவுக்கு மேல புதுசா நிறம் ஏத்தியிருக்காங்க. சேகரிப்பாளர்கள் இதுக்கு விலையை நல்லா குறைப்பாங்க. தேய்ஞ்ச அசல் நிறத்துக்கு இருக்கிற மதிப்பு, பளபளக்கிற புது நிறத்துக்குக் கிடையாது.

3. திருகுத் தலைகளைப் பாருங்க. பொருத்தமில்லாத ஸ்க்ரூ டிரைவரால கழட்டியிருந்தா வெட்டுக்கோடு சிதைஞ்சிருக்கும். அனுபவம் இல்லாத கை உள்ள புகுந்திருக்குன்னு அது காட்டிக்கொடுக்கும்.

4. மடக்கிப் பாருங்க. விற்கிறவர் அனுமதியோட, குழலைக் கெட்டியா பிடிச்சு, மெதுவா மடக்கணும். சீரா இறுகணும். கரகரன்னு உரசினா ஸ்பிரிங் வளைஞ்சிருக்கலாம், இல்லைன்னா உடைஞ்சிருக்கலாம்.

5. பெட்டி, கையேடு இருக்கான்னு கேளுங்க. அசல் அட்டைப்பெட்டி இருந்தா விலை கூடும். பொருள் அதேதான், ஆனா சேகரிக்கிறவருக்கு அந்தப் பெட்டியும் சேகரிப்புதான்.

இதை மியூச்சுவல் ஃபண்டுக்கு மாத்திப் பாருங்களேன். விளம்பரம் பளபளப்பு. ஃபேக்ட் ஷீட்டுல இருக்கிற செலவு விகிதம், எந்தெந்தப் பங்கு வச்சிருக்காங்க, மேனேஜர் எத்தனை தடவை மாறியிருக்கார், இதெல்லாம்தான் திருகுத் தலையும் அச்சு எழுத்தும்.

"நல்லா வேலை செய்யுது"ன்னா என்ன அர்த்தம்?

என் முதல் பிஸ்டல் ஒரு பிரீமியர். 120 பவுண்டு. விற்றவர் "நல்லா சுடும்"னார். சரி, நல்லான்னா எவ்வளவு?

இதைக் கண்டுபிடிக்க குரோனோகிராஃப்னு ஒரு கருவி இருக்கு. ரெண்டு உணர்கருவிகளுக்கு நடுவுல பெல்லட் போகும். எவ்வளவு நேரத்துல கடந்துச்சோ அதை வச்சு வேகத்தைச் சொல்லிடும். 70 பவுண்டு கொடுத்து வாங்கினேன்.

சோதனையைக் கிளப்போட ரேஞ்சுலதான் பண்ணினேன். வாடகை வீட்டுல இல்லை. விதிகள் எளிமையானவை. கண்ணாடி போடணும். பெல்லட்டைத் தாங்குற தடுப்பு பின்னால இருக்கணும். பெல்லட் போடும்போது மடக்கின குழலைக் கை விடக்கூடாது, விரல் விசைப் பக்கமே போகக்கூடாது. பெல்லட் இல்லாம சும்மா சுடக்கூடாது. காற்றைத் தடுக்க முன்னால ஒண்ணும் இல்லாததால பிஸ்டன் நேரா போய் மோதும், பழைய பாகம் உடையும். சிலிண்டருக்குள்ள சாதாரண எண்ணெய் ஊத்தக்கூடாது. காற்று நசுங்கும்போது வர்ற சூட்டுல அது பத்திக்கும், அதுல வேகம் தாறுமாறா ஏறி பாகங்கள் கெடும். பெல்லட் ஈயம், அதனால முடிச்சதும் கை கழுவணும்.

முதல்ல 5 ஷாட் கணக்குல சேர்க்காம சுட்டேன். ரொம்ப நாள் சும்மா கிடந்த பொருள் இல்லையா, மசகு ஓடிச் சீராகணும். அப்புறம் ஒரே வகை பெல்லட், ஒவ்வொண்ணும் 0.45 கிராம், 10 ஷாட். வினாடிக்கு எத்தனை மீட்டர்னு இதோ:

108, 111, 109, 96, 112, 107, 110, 91, 109, 107

சராசரி 106. சக்தி கணக்கு பள்ளியில படிச்சதுதான்: எடையைக் கிலோவுல எடுத்து, வேகத்தை ரெண்டு தடவை பெருக்கி, பாதியாக்கணும். ஏறக்குறைய 2.5 ஜூல் வருது. சட்ட வரம்பு 8.1 ஜூல். நல்லாவே உள்ள இருக்கோம்.

நான் சந்தோஷமா பெட்டியை மூடப் போனேன். பெரியவர் அந்தப் பட்டியலைப் பார்த்துட்டு, "சராசரியை விடு. அந்த 96-ம் 91-ம் எங்கிருந்து வந்துச்சு?"ன்னு கேட்டார்.

அதிகபட்சம் 112, குறைந்தபட்சம் 91. வித்தியாசம் 21. எட்டு ஷாட் ஒழுங்கு, ரெண்டு ஷாட் மட்டும் தொபுக்குன்னு விழுது. அவர் ஒரு மெல்லிய டிஷ்யூ பேப்பர் துண்டை, குழலும் சிலிண்டரும் சேர்ற இடத்துப் பக்கத்துல வச்சுட்டு சுடச் சொன்னார். பேப்பர் படபடன்னு ஆடிச்சு. காற்று அங்க ஒழுகுது! குழலோட பின்முனையில இருக்கிற சின்ன சீல் காய்ஞ்சு சுருங்கிப் போயிருந்துச்சு. புது சீல் 4 பவுண்டு. ஸ்பிரிங் அழுத்தத்துல இருக்கிற பொருளை நாம பிரிக்கப் போகக்கூடாதுன்னு அவரே மாத்திக் கொடுத்தார். மறுபடியும் 10 ஷாட்:

112, 113, 111, 113, 114, 112, 112, 111, 113, 112

சராசரி 112.3. வித்தியாசம் வெறும் 3. சக்தி 2.8 ஜூல்.

இப்போ ரெண்டு பட்டியலையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. சராசரியில பெரிய மாற்றம் இல்லை, 6 சதவீதம்தான். ஆனா 10 மீட்டர் தள்ளி இருக்கிற அட்டையில முதல் பிஸ்டல் எங்க அடிக்கும்னு சொல்லவே முடியாது. ரெண்டாவது சொன்ன இடத்துல அடிக்கும்.

ஒரு ஃபண்ட் "5 வருஷத்துல சராசரி 12 சதவீதம்"னு சொல்லும்போது நீங்க கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: "அந்த 91 எந்த வருஷம்?" மோசமான வருஷத்துல எவ்வளவு விழுந்துச்சு? ரோலிங் ரிட்டர்ன்ல எத்தனை தடவை நஷ்டம் காட்டியிருக்கு? பணம் உங்களுக்குத் தேவைப்படுற மாசம் அந்த 91-வது ஷாட்டா அமைஞ்சா, சராசரி உங்களுக்குச் சோறு போடாது.

சீனியர் கத்துக்கொடுத்த பாடம்

பிரீமியர் நல்லா அமைஞ்சதும் எனக்கு தைரியம் வந்துடுச்சு. அடுத்து ஒரு ஜூனியர், 90 பவுண்டு. ஒரு ஹரிக்கேன், 105 பவுண்டு. அப்புறம் ஒரு பழம்பொருள் சந்தையில சீனியர், 185 பவுண்டு. "அசல் நிறம், கை படாதது" அப்படின்னார் விற்றவர். மேசைக்கு முன்னால இன்னும் ரெண்டு பேர் நின்னாங்க. நான் தயங்கினா அவங்க எடுத்துடுவாங்களோன்னு ஒரு பதற்றம். என்கிட்ட பட்டியல் இருந்துச்சு, நான் அதை எடுக்கவே இல்லை.

கிளப்ல பெரியவர் அதை வெளிச்சத்துல ஒரு நிமிஷம் சாய்ச்சுப் பார்த்தார். எழுத்து விளிம்பு எல்லாம் சோப்பு மாதிரி வழவழன்னு இருந்துச்சு. நிறத்துக்கு அடியில ஊசி முனை அளவுக்குப் பள்ளங்கள். திரும்ப நிறம் ஏத்தினது. "சுடுறதுக்கு நல்ல பிஸ்டல்தான். ஆனா நீ சேகரிப்பு விலை கொடுத்திருக்கே"ன்னார்.

ஐ.பி.ஓ. கடைசி நாள்ல, எல்லாரும் போடுறாங்கன்னு நாமளும் போடுறோமே, அதே பதற்றம்தான் இது. பக்கத்துல நிக்கிறவர் உங்களுக்காக ஆராய்ச்சி பண்ணிட்டு வரலை. அவரும் உங்களைப் பார்த்துத்தான் நிக்கிறார்.

எக்ஸெல்ல நான் பண்ணின தப்பு

மாசா மாசம் என் நிகர மதிப்பை ஒரு ஷீட்டுல எழுதுவேன். நீங்களும் எழுதணும்னு நம்ம வீடியோவுல அடிக்கடி சொல்றேன். அதுல நாலு பிஸ்டலுக்கும் ஒரு வரி சேர்த்தேன். வாங்கினது மொத்தம் 500 பவுண்டு. இணையத்துல இதே மாடல்களை எவ்வளவுக்குப் போட்டிருக்காங்கன்னு பார்த்து, 700 பவுண்டுன்னு எழுதினேன். "பரவாயில்லையே, 40 சதவீதம் லாபம்!"

கேட்கிற விலை வேற, விற்ற விலை வேற. ஒருத்தர் 220 பவுண்டுன்னு போட்டு ஆறு மாசமா விற்காம வச்சிருக்கலாம். அது அவரோட ஆசை, சந்தை விலை இல்லை. நான் அவரோட ஆசையை எடுத்து என் சொத்துக் கணக்குல எழுதிட்டேன். அது போதாதுன்னு, அந்த வரியை "அவசரகால நிதி"ங்கிற தலைப்புக்குக் கீழ போட்டேன். ஏன்னா "எப்போ வேணாலும் வித்துடலாம்ல?"

அப்புறம் ஒரு திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். ப்ராஜெக்ட் முடியுது, நாலு வாரத்துல சென்னைக்குத் திரும்பணும்னார்.

நாலு வாரம். பர்மிங்ஹாம் வீட்டு டெபாசிட் நான் கிளம்பின பிறகுதான் திரும்ப வரும். வேளச்சேரியில வீடு பார்த்தாச்சு, அட்வான்ஸ் கட்டணும். ஷீட்டைத் திறந்தா தைரியமாத்தான் இருந்துச்சு: பிஸ்டல் 700 பவுண்டு. கணக்குக்குச் சுலபமா ஒரு பவுண்டு 100 ரூபாய்னு வச்சா 70,000 ரூபாய். அட்வான்ஸுக்குக் குறையுறது சரியா அவ்வளவுதான்.

ஒரு டீலர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவர் கொடுத்த விலை: பிரீமியருக்கு 95, ஹரிக்கேனுக்கு 65, ஜூனியருக்கு 55. எனக்குக் கோபம் வந்துச்சு. அவர் பொறுமையா விளக்கினார். ஹரிக்கேன் சந்தையில தாராளமா கிடைக்குது, அது பழசுதான், ஆனா அரிதானது இல்லை. ஜூனியரை அவர் கழட்டிப் பார்த்தார், உள்ள யாரோ அளவு பொருந்தாத ஸ்பிரிங்கைப் போட்டு வச்சிருக்காங்க. அதை நான் சோதிக்காமலே வாங்கியிருந்தேன். பிரீமியருக்கு மட்டும் ஏன் ஓரளவு நல்ல விலை? அந்த 10 ஷாட் பட்டியல், சீல் மாத்தின ரசீது, பெட்டி எல்லாத்தையும் சேர்த்து வச்சிருந்தேன். "இதை நான் நம்பி விற்கலாம்"னார்.

டீலரைக் குறை சொல்ல முடியாது. அவர் கடை வாடகை கட்டணும், வாங்க ஆள் வர்ற வரைக்கும் பணத்தை முடக்கணும், வந்தவரோட வயசைப் பார்த்து நேர்லதான் ஒப்படைக்கணும். அதுக்கெல்லாம் விலை இருக்கு. எனக்கு நாலு மாசம் இருந்திருந்தா ஒவ்வொண்ணா நல்ல விலைக்கு வித்திருப்பேன். என்கிட்ட நாலு வாரம்தான் இருந்துச்சு.

சீனியரைக் கிளப்புல ஒருத்தர் கேட்டார். நிறம் திரும்ப ஏத்தினதுன்னு உள்ளதைச் சொன்னேன். 130 பவுண்டு கொடுத்தார். சொல்லாம இருந்திருந்தா இன்னும் 40 பவுண்டு கிடைச்சிருக்கலாம். ஆனா எனக்கு நடந்ததையே இன்னொருத்தருக்கு நான் பண்றதான்னு தோணுச்சு.

நாலுக்கும் சேர்த்து 345 பவுண்டு. ஷீட்டுல 700.

குறைஞ்ச 35,500 ரூபாயை அம்மா கொடுத்தாங்க. வளையல் வாங்கணும்னு ரெண்டு வருஷமா கட்டின சீட்டை எடுத்து வச்சிருந்த பணம். "வெளிநாட்டுல ரெண்டு வருஷம் சம்பாதிச்சே, இதுக்கு என்னப்பா பண்ணினே?"ன்னு அம்மா கேட்கலை. கேட்டிருந்தா கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

முழுக் கணக்கு

| விவரம் | பவுண்டு |
|---|---|
| நாலு பிஸ்டல் | 500 |
| சந்தைக்குப் போன ரயில் டிக்கெட், நுழைவுக் கட்டணம் | 85 |
| சீல், ஸ்பிரிங் பழுதுபார்ப்பு | 45 |
| பூட்டு போட்ட பெட்டி | 30 |
| சேகரிப்புக்கு ஆன செலவு | 660 |
| குரோனோகிராஃப் | 70 |
| பெல்லட் | 60 |
| கிளப் கட்டணம் | 110 |
| சுட்டு மகிழ்ந்ததுக்கு ஆன செலவு | 240 |
| மொத்தம் | 900 |
| பிஸ்டல் விற்றது | 345 |
| குரோனோகிராஃப் விற்றது | 40 |
| கையை விட்டுப் போனது | 515 |

இதை ரெண்டு விதமா படிக்கலாம்.

*முதலீடா படிச்சா:* 660 போட்டு 345 எடுத்தேன். ஏறக்குறைய 48 சதவீத நஷ்டம். பொருள் வாங்கின விலையை மட்டும் பார்த்தா 31 சதவீத நஷ்டம்தான் தெரியும். ரயில் டிக்கெட்டையும் பழுது செலவையும் சேர்த்தாத்தான் உண்மை முகம் தெரியும். "வாங்கினது இவ்வளவு, வித்தது இவ்வளவு"ன்னு யாராவது பெருமையா சொன்னா, நடுவுல ஆன செலவை மறக்காம கேளுங்க.

*பொழுதுபோக்கா படிச்சா:* 26 மாசத்துல 515 பவுண்டு, மாசத்துக்கு 20 பவுண்டுக்கும் கொஞ்சம் கம்மி. அந்தக் காசுக்கு வாரா வாரம் கிளப், நல்ல நண்பர்கள், ஒரு பெரியவர்கிட்ட கத்துக்கிட்ட பொறுமை. இது ரொம்பச் சல்லிசு. இதுக்காக எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

ஒரே 515 பவுண்டுதான். எந்தத் தலைப்புக்குக் கீழ எழுதுறோம்ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. "பொழுதுபோக்குச் செலவு"ன்னு எழுதியிருந்தா அவசரகால நிதிக்குத் தனியா பணம் சேர்த்திருப்பேன். அம்மா வளையல் வாங்கியிருப்பாங்க.

வரி பத்தி ஒரு வரி. பிரிட்டன்ல இந்த மாதிரி கையில எடுத்துட்டுப் போற தனிப் பொருளை 6,000 பவுண்டு வரைக்கும் விற்றா மூலதன ஆதாய வரி கிடையாது. கேட்க இனிமையா இருக்கும். ஆனா அந்த நஷ்டத்தை வேற லாபத்தோட கழிச்சுக்கவும் முடியாது. பங்குச்சந்தையில நஷ்டம் வந்தா வரியில கொஞ்சமாவது ஆறுதல் உண்டு. இங்க அதுவும் இல்லை.

சேகரிக்கணும்னா இந்த 6 விதி

நீங்க கேமரா சேர்த்தாலும் சரி, வாட்ச் சேர்த்தாலும் சரி, இது எல்லாத்துக்கும் பொருந்தும்.

1. அவசரகால நிதி முழுசா ஆன பிறகுதான் முதல் பொருள். 6 மாசச் செலவு வங்கியிலயோ லிக்விட் ஃபண்டுலயோ இருக்கணும். அலமாரியில இருக்கிறது அவசரகால நிதி இல்லை.

2. சொத்துக் கணக்குல அதோட மதிப்பு பூஜ்யம். வித்த அன்னைக்கு வந்த பணத்தை வரவா எழுதுங்க. அதுவரைக்கும் அது செலவு. பூஜ்யம்னு எழுத மனசு வரலைன்னா, டீலர் இன்னைக்கே கையில கொடுக்கிற விலையை எழுதுங்க. இணையத்துல கேட்கிற விலையை எழுதாதீங்க.

3. மாசத்துக்கு ஒரு வரம்பு வைங்க. எஸ்.ஐ.பி. போன பிறகு மிஞ்சுற பணத்துல இருந்து மட்டும். கிரெடிட் கார்டுலயோ இ.எம்.ஐ.யிலயோ பழைய பொருள் வாங்கவே வாங்காதீங்க.

4. சோதிக்காம வாங்காதீங்க, சோதிச்சதை எழுதி வைங்க. என் நாலுல அதிக சதவீதம் திரும்பக் கொடுத்தது பிரீமியர். 120-க்கு 95, அதாவது 79 சதவீதம். அதுக்கு மட்டும்தான் என்கிட்ட காகிதம் இருந்துச்சு.

5. பழசு வேற, அரிது வேற. விலை ஏற அது பழசா இருந்தா மட்டும் போதாது. கம்மியா இருக்கணும், அசலா இருக்கணும், முக்கியமா வேற யாருக்காவது அது வேணும்னு இருக்கணும்.

6. வெளியே வர்ற வழியை வாங்குறதுக்கு முன்னாடியே பாருங்க. யார் வாங்குவாங்க, எத்தனை நாள் ஆகும், சட்டம் என்ன சொல்லுது, ஊர் மாறினா எடுத்துட்டுப் போக முடியுமா? இந்த நாலுக்கும் பதில் இல்லைன்னா நிதானமா யோசிங்க. ஆன்சைட்ல இருக்கிறவங்க இதை ரெண்டு தடவை படிங்க.

கடைசியா

"அப்போ சேகரிக்கவே கூடாதா?" அப்படின்னு கேட்காதீங்க. தாராளமா சேகரிங்க. சம்பாதிக்கிறது எதுக்கு, மனசுக்குப் பிடிச்சதுக்கும் கொஞ்சம் செலவு பண்ணத்தானே? ஆனா ஆசைக்கு ஆசைன்னே பேர் வைங்க. அதுக்கு முதலீடுன்னு பேர் வச்சாத்தான், எஸ்.ஐ.பி.க்குப் போக வேண்டிய பணம் அந்தப் பக்கம் நழுவும்.

நான் சென்னை வந்த அஞ்சாவது மாசம் அம்மாவுக்கு வளையல் வாங்கிக் கொடுத்துட்டேன். தங்கம் விலை அதுக்குள்ள ஏறியிருந்துச்சு. அந்தக் கூடுதல் பணத்தையும் என் பிஸ்டல் கணக்குலதான் நியாயமா சேர்க்கணும்.

இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. உங்க சொத்து ஷீட்டைத் திறங்க. அதுல "எப்போ வேணாலும் வித்துடலாம்"னு நம்பி எழுதின வரி ஏதாவது இருக்கா பாருங்க. இருந்தா, நாலு வாரத்துல வித்தாகணும்னா எவ்வளவு வரும்னு பக்கத்துல ஒரு எண் எழுதுங்க. அந்த எண்ணை வச்சு உங்க அவசரகால நிதியைத் திரும்பக் கூட்டிப் பாருங்க.

அடுத்த வீடியோவுல 6 மாசச் செலவை எப்படிக் கணக்கு போடுறது, அதை எங்க வைக்கிறதுன்னு விரிவா பார்ப்போம். அதுவரைக்கும் பணத்தை மதிப்போம், பத்திரமா இருப்போம்.